டிராக்டர், அறுவடை இயந்திரம், கார்: ஏ.சி. கம்ப்ரசர் பழுதாகிவிட்டதா? மாற்றுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

ஏ.சி. கேபின் வைத்த டிராக்டரும் நெல் அறுவடை இயந்திரமும் இப்போது கிராமங்களுக்குப் புதிதல்ல. வீட்டுக்கு ஒரு கார் வைத்திருக்கும் விவசாயிகளும் பலர். கோடை நெல் அறுவடையின்போது கேபினில் ஏ.சி. நின்றுவிட்டால், கண்ணாடிக்குள் வேகிற வெயிலில் ஓட்டுநர் அரைமணி நேரம்கூட உட்கார முடியாது. கதவைத் திறந்து ஓட்டினால் நெல் சுணையும் தூசியும் நேராக மூச்சில் ஏறும். பட்டறைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "கம்ப்ரசர் போயிடுச்சுங்க, மாத்தணும்."

ஏ.சி. அமைப்பிலேயே விலை அதிகமான பாகங்களில் ஒன்று கம்ப்ரசர். ஆனால் ஏ.சி. குளிரவில்லை என்றாலே கம்ப்ரசர் கெட்டுவிட்டது என்று பொருள் அல்ல. எலி கடித்த ஒயர், எரிந்துபோன ஃபியூஸ், வைக்கோல் தூசி அடைத்த கண்டன்சர், மெல்லக் கசிந்து குறைந்த கேஸ் ஆகிய எல்லாமே வெளியில் ஒரே மாதிரிதான் தெரியும். பட்டறைக்குப் போகும் முன் நீங்களே பார்க்கக் கூடியவை எவை, மெக்கானிக்கிடம் கேட்டு வாங்க வேண்டிய சோதனைகள் எவை என்பதை இங்கே பார்ப்போம்.

கம்ப்ரசர் செய்யும் வேலை

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். கம்ப்ரசரும் அதைத்தான் செய்கிறது. குளிர்ந்த கேஸை உறிஞ்சி, அழுத்தி, சூடாக்கி வெளியே தள்ளுகிறது. அந்தச் சூடான கேஸ் ரேடியேட்டருக்கு முன்னாலோ கேபின் கூரையிலோ உள்ள கண்டன்சரில் வெப்பத்தை விட்டுவிட்டுத் திரவமாகிறது. பிறகு டிரையர் வழியாக எக்ஸ்பான்ஷன் வால்வுக்கு வருகிறது. இந்த வால்வைத் தெளிப்பான் நாசில் போல நினைத்துக்கொள்ளலாம். மெல்லிய துளை வழியாகப் பீய்ச்சப்படும் திரவம், கூலிங் காயிலுக்குள் ஆவியாகிக் கேபின் காற்றின் வெப்பத்தை இழுத்துக்கொண்டு மீண்டும் கம்ப்ரசருக்குத் திரும்புகிறது.

கம்ப்ரசரில் இரண்டு குழாய்கள் இருக்கும். பருமனானது உறிஞ்சும் குழாய். அது குளிர்ந்திருக்க வேண்டும். மெல்லியது தள்ளும் குழாய். அது கை வைக்க முடியாத அளவு சுடும். இந்த ஒன்றைத் தெரிந்து வைத்திருந்தாலே பாதி நோயறிதல் முடிந்துவிடும். இன்ஜின் ஓடி, ஏ.சி. போட்டுப் பத்து நிமிடம் கழித்து இன்ஜினை நிறுத்தி உடனே பானெட்டைத் திறந்து பாருங்கள். பருமனான குழாய் சில்லென்று வியர்த்திருந்து, கேபினில் மட்டும் குளிர் வரவில்லை என்றால் கம்ப்ரசர் தன் வேலையைச் செய்கிறது. குறை கேபின் பக்கம் இருக்கிறது. ஃபில்டர் அடைப்பு, புளோயர் கோளாறு, ஹீட்டர் வால்வு முழுதாக மூடாமல் சூடான தண்ணீர் உள்ளே சுற்றுவது ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கலாம். மெல்லிய குழாயைத் தொட்டுப் பார்க்காதீர்கள், உள்ளங்கை கொப்பளித்துவிடும். பக்கத்தில் கையைக் காட்டினாலே சூடு தெரியும்.

தூசிதான் முதல் சந்தேகம்

வயலில் ஓடும் இயந்திரங்களுக்கும் சாலையில் ஓடும் காருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் தூசி. அறுவடை இயந்திரத்தின் கண்டன்சர் ஒரே நாளில் உமியாலும் வைக்கோல் துகளாலும் போர்வை போர்த்தியது போல் மூடிவிடும். வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் போனால் பிரஷர் சுவிட்ச் தானாகவே கம்ப்ரசரை நிறுத்திவிடும். சிறிது நேரம் கழித்து மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். காலையில் குளிர்கிறது, உச்சி வெயிலில் குளிர்வதில்லை என்றால் முதலில் கண்டன்சரைப் பாருங்கள். தொடர்ந்து உயர் அழுத்தத்தில் ஓடுவதுதான் நல்ல கம்ப்ரசரையும் சாகடிக்கும் காரணங்களில் முக்கியமானது.

கண்டன்சரைச் சுத்தம் செய்யும்போது தூசி எந்தப் பக்கமிருந்து வந்ததோ அதற்கு எதிர்ப்பக்கமிருந்து, குறைந்த அழுத்தக் காற்றாலோ தண்ணீராலோ அடிக்க வேண்டும். வாட்டர் சர்வீஸ் பம்பை நெருக்கமாகப் பிடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடிந்து, அடைப்பு நிரந்தரமாகிவிடும். சூடான இன்ஜினில் தண்ணீர் அடிக்கவும் வேண்டாம். கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் சிக்கியிருக்கும் துகளைப் பலரும் கவனிப்பதில்லை. முன்பக்கம் பளிச்சென்று இருக்கும். இடுக்கில் ஒரு கைப்பிடி உமி இருக்கும். கண்டன்சருக்குத் தனி மின்விசிறி இருந்தால் ஏ.சி. போட்டதும் அது சுற்றுகிறதா என்றும் பாருங்கள்.

கேபின் ஃபில்டர் அடைத்துவிட்டால் காற்று குறைவாக வரும், ஆனால் வருகிற காற்று குளிராக இருக்கும். இன்னொன்று, முதல் அரைமணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, போகப் போகக் காற்றே வராமல், ஏ.சி.யை அணைத்து கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் மறுபடி நன்றாக வந்தால், கூலிங் காயிலில் பனி படிகிறது என்று அர்த்தம். ஃபில்டர் அடைப்போ தெர்மோஸ்டாட் கோளாறோ காரணமாக இருக்கலாம். கம்ப்ரசர் அங்கே நன்றாகவே ஓடுகிறது.

ஃபில்டரைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மருந்து தெளிக்கப் பயன்படுத்திய டிராக்டரின் கேபின் ஃபில்டரைத் தட்டியோ காற்று அடித்தோ சுத்தம் செய்தால், அதில் ஒட்டிய மருந்துத் தூசி உங்கள் முகத்துக்கே வரும். முகக்கவசமும் கையுறையும் போட்டு அதைக் கழற்றிவிட்டுப் புதியது மாட்டுங்கள். சாதாரணத் தூசி ஃபில்டர் பூச்சிமருந்தின் ஆவியைத் தடுக்காது. ஏ.சி. கேபினில் இருக்கிறோம் என்ற தைரியத்தில் பாதுகாப்பு உடையைத் தவிர்க்கக் கூடாது.

கிளட்ச் ஒட்டுகிறதா?

பெரும்பாலான டிராக்டர்களிலும் கார்களிலும் கம்ப்ரசரின் முன்பக்கம் ஒரு காந்தக் கிளட்ச் இருக்கும். பெல்ட் ஓடும் புல்லி இன்ஜின் ஓடும்வரை எப்போதும் சுற்றும். அதன் நடுவில் உள்ள தட்டு, ஏ.சி. போட்டால்தான் "டக்" என்ற சத்தத்துடன் புல்லியோடு ஒட்டிச் சுற்ற வேண்டும். ஒருவர் கேபினில் உட்கார்ந்து ஏ.சி.யைப் போட்டு அணைக்க, இன்னொருவர் சற்றுத் தள்ளி நின்று அந்தத் தட்டைக் கவனிக்கலாம். தோளில் துண்டோ தொங்கும் வேட்டியோ லுங்கியோ கட்டிக்கொண்டு ஓடுகிற பெல்ட் பக்கம் குனிய வேண்டாம்.

தட்டு சுற்றவே இல்லை என்றால் கம்ப்ரசருக்குக் கட்டளையே போகவில்லை. ஃபியூஸைப் பாருங்கள். ரிலேவை அதே அளவுள்ள, அதே வகை ரிலேயோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். பிறகு கம்ப்ரசருக்கு வரும் ஒயரை முழு நீளத்துக்கும் தடவிப் பாருங்கள். மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும் இயந்திரங்களில் எலி முதலில் பதம் பார்ப்பது ஒயர்களைத்தான். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள், கம்ப்ரசர் அருகில் ஒயர் இணைப்பைக் கழற்றி, ஏ.சி. போட்ட நிலையில் ஒயர் பக்கம் மின்சாரம் வருகிறதா என்று பார்க்கலாம். 12 வோல்ட் வண்டியில் பேட்டரி அளவுக்கு மின்சாரம் வந்தும் தட்டு ஒட்டவில்லை என்றால் காயிலோ எர்த் இணைப்போ கெட்டிருக்கிறது. 12 வோல்ட் கிளட்ச் காயிலின் மின்தடை பொதுவாக 3 முதல் 4 ஓம் அளவில் இருக்கும். மீட்டர் எதையும் காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. பல மாடல்களில் காயிலை மட்டும் தனியாக மாற்றலாம். கம்ப்ரசரைத் தொட வேண்டியதில்லை.

மின்சாரமே வரவில்லை என்றால் பிரஷர் சுவிட்ச் தடுத்திருக்கலாம். கேஸ் மிகவும் குறைந்துபோனால் கம்ப்ரசர் எண்ணெய் இல்லாமல் காய்ந்து ஓடக் கூடாது என்பதற்காகவே இந்த சுவிட்சை வைத்திருக்கிறார்கள். கம்ப்ரசருக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது. கேஸோடு சேர்ந்து சுற்றும் எண்ணெய்தான் அதற்கு உயிர். ஆகவே பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்து "ஓடுதான்னு பார்ப்போம்" என்று இன்ஜின் ஓடும்போது ஓட்டிப் பார்ப்பது, நல்ல கம்ப்ரசரைக் கெட்ட கம்ப்ரசராக்கும் சுலபமான வழி. இன்ஜின் நின்ற நிலையில் ஒரு நொடி கொடுத்து "டக்" சத்தம் கேட்பது வேறு, அதில் தவறில்லை.

சில நொடிகளுக்கு ஒருமுறை ஒட்டியும் விட்டும் துடித்துக்கொண்டிருந்தால் கேஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம். குளிர்ந்த இன்ஜினில் நன்றாக ஒட்டி, சூடானதும் ஒட்டாமல் போனால் தட்டுக்கும் புல்லிக்கும் இடையிலான இடைவெளி தேய்ந்து அதிகமாகியிருக்கும். சூட்டில் காயிலின் காந்தசக்தி குறைவதால் தூரத்தில் உள்ள தட்டை இழுக்க முடிவதில்லை. உள்ளே இருக்கும் மெல்லிய வாஷரைக் குறைத்து இடைவெளியைச் சரிசெய்தாலே பல கிளட்ச்கள் இன்னும் சில ஆண்டுகள் ஓடும்.

புதிய கார்கள் சிலவற்றில் கிளட்ச் இல்லாத கம்ப்ரசர் வருகிறது. அதில் தட்டு எப்போதும் சுற்றும், "டக்" சத்தமும் வராது. அவற்றுக்கு கேஜும் ஸ்கேனரும்தான் வழி.

சத்தம் சொல்லும் சேதி

ஏ.சி. போடாதபோதே கரகரவென்று சத்தம் வந்தால் அது கம்ப்ரசரின் உட்பகுதி அல்ல. புல்லி பேரிங், பெல்ட் டென்ஷனர், டைனமோ பேரிங் ஆகியவற்றில் ஒன்று. ஏ.சி. போட்டதும் தொடங்கி, அணைத்ததும் நிற்கிற இரைச்சல்தான் கம்ப்ரசரின் உட்புறத் தேய்மானத்தைக் காட்டும். அதிலும் முதலில் கம்ப்ரசரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். உழவு, சேறு கலக்கும் அதிர்வில் டிராக்டரில் இது சாதாரணமாக நடக்கும். கேஸை அளவுக்கு மீறி ஏற்றியிருந்தாலும் தட்டுகிற சத்தம் வரும்.

இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, பேட்டரி இணைப்பையும் கழற்றிவிட்டு நடுத்தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சீரான இறுக்கத்தோடு சுற்ற வேண்டும். அசையவே இல்லை, அல்லது மணலை அரைப்பது போல் நெருடுகிறது என்றால் உள்ளே சேதம் உறுதி. தட்டு நீலம் பாய்ந்து கருகியிருப்பதும் ரப்பர் எரிந்த வாடையும் இதே கதையைத்தான் சொல்லும்.

இப்படி இறுகிப்போன கம்ப்ரசரை அலட்சியம் செய்யக் கூடாது. பல இன்ஜின்களில் அதே பெல்ட்தான் டைனமோவையும் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. ஏ.சி. போட்ட நொடியில் பெல்ட் அறுந்தால் தண்ணீர் சுழற்சி நின்று இன்ஜின் சூடேறிவிடும். ஏ.சி. செலவு இன்ஜின் செலவாகிவிடும். அறுவடை நடுவில் நிறுத்த முடியாது என்றால், கம்ப்ரசரின் ஒயர் இணைப்பைக் கழற்றி, முனையை டேப் சுற்றிக் கட்டி வைத்துவிடுங்கள். புல்லி பேரிங் நன்றாக இருந்தால் அது வெறுமனே சுற்றும். வேலையை முடித்துவிட்டுப் பழுது பார்க்கலாம். பேரிங்கே ஆடுகிறது, சத்தம் போடுகிறது என்றால் அந்தச் சலுகை இல்லை. உடனே சரிசெய்தாக வேண்டும். கிளட்ச் இல்லாத வகைக்கும் இந்த வழி பொருந்தாது.

கேஜ் இல்லாமல் தீர்ப்பு இல்லை

இரண்டு மீட்டர் கொண்ட கேஜை மாட்டிப் பார்க்காமல் "கம்ப்ரசர் போச்சு" என்று சொல்பவரை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். நீல மீட்டர் உறிஞ்சும் பக்கம், சிவப்பு மீட்டர் தள்ளும் பக்கம். அளவு டயருக்குச் சொல்கிற அதே பி.எஸ்.ஐ.தான்.

இங்கே சொல்லும் அளவுகள் இப்போது பெரும்பாலான வண்டிகளில் உள்ள ஆர்-134ஏ கேஸுக்கானவை. இன்ஜின் சில மணி நேரம் நின்று ஆறிய பிறகு இரண்டு மீட்டரும் ஒரே அளவைக் காட்ட வேண்டும். அந்த அளவு வெளி வெப்பத்தைப் பொறுத்தது. 30 டிகிரி செல்சியஸில் சுமார் 97, 35 டிகிரியில் சுமார் 114, 40 டிகிரியில் சுமார் 133 பி.எஸ்.ஐ. இதைவிட மிகவும் குறைவாக இருந்தால் கேஸ் ஏறக்குறைய காலி. சரியாக இருந்தால் மட்டும் கேஸ் நிறைவாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. உள்ளே கொஞ்சம் திரவம் இருந்தாலே மீட்டர் இந்த அளவைக் காட்டிவிடும்.

பிறகு இன்ஜினை 1,500 சுற்றில் வைத்து, கதவுகளைத் திறந்து, புளோயரை முழுவேகத்தில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். நம் ஊர் வெயிலில் நீல மீட்டர் 30 முதல் 45, சிவப்பு மீட்டர் 200 முதல் 250 வரை இருந்தால் பொதுவாகச் சரி. மாடலுக்கு மாடல் இது கொஞ்சம் மாறும்.

இரண்டுமே குறைவாக இருந்தால் கேஸ் குறைவு. இரண்டுமே அதிகமாக இருந்தால் கண்டன்சர் அடைப்பு, விசிறி ஓடாமை, கேஸ் மிகுதி, அல்லது உள்ளே காற்று புகுந்திருப்பது. நீலம் பூஜ்யத்தை நோக்கி இறங்கிக்கொண்டே போனால் எக்ஸ்பான்ஷன் வால்விலோ டிரையரிலோ அடைப்பு. நீலம் அதிகமாகவும் சிவப்பு சரியாகவும் இருந்து, உறிஞ்சும் குழாய் கம்ப்ரசர்வரை வியர்த்துக் கொட்டினால் எக்ஸ்பான்ஷன் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கலாம்.

கம்ப்ரசரின் குற்றத்தைக் காட்டும் கையெழுத்து ஒன்றுதான். நீலம் இருக்க வேண்டியதைவிட அதிகம், சிவப்பு இருக்க வேண்டியதைவிடக் குறைவு. இரண்டு முள்ளும் ஒன்றை நோக்கி ஒன்று வரும். இன்ஜின் வேகத்தைக் கூட்டினாலும் பெரிதாக விலகாது. கேஸ் அளவு சரி, தட்டும் வழுக்காமல் சுற்றுகிறது, அப்படியும் இந்த நிலை என்றால் உள்ளே வால்வோ பிஸ்டனோ தேய்ந்து கேஸை அழுத்த முடியாமல் போய்விட்டது. புதிய கார்களில் உள்ள, அளவு மாறும் வகைக் கம்ப்ரசரில் மட்டும் ஒரு எச்சரிக்கை: பின்பக்கம் உள்ள கன்ட்ரோல் வால்வு கெட்டாலும் மீட்டர் இதையேதான் காட்டும். பல மாடல்களில் அந்த வால்வு தனியாகக் கிடைக்கும். அதைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ஆண்டுதோறும் கேஸ் ஏற்றுவது

"ஏ.சி. கேஸ் வருஷத்துக்கு ஒருதடவை தீர்ந்திடும்" என்பது தவறான எண்ணம். இது டீசல் போலச் செலவாகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. பல ஆண்டுகளில் ஹோஸ் வழியாகச் சிறிதளவு குறையலாம். ஒவ்வொரு பருவமும் ஏற்ற வேண்டியிருந்தால் கசிவு இருக்கிறது. கேஸோடு எண்ணெயும் வெளியேறுவதால், கசியும் இடத்தில் தூசி ஒட்டி எண்ணெய்ப் பிசுக்காகத் தெரியும். கம்ப்ரசரின் மூக்குப் பகுதி, ஹோஸ் இணைப்புகள், கண்டன்சரில் கல் பட்ட இடங்களைப் பாருங்கள். கசிவை அடைக்காமல் கேஸை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால், எண்ணெய் குறைந்து குறைந்து ஒருநாள் கம்ப்ரசர் இறுகிவிடும்.

கசிவு பார்க்க நைட்ரஜன் அடைக்கச் சொல்லுங்கள். ஆக்சிஜனை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். மலிவு என்று சமையல் கேஸை ஏற்றும் வேலைக்கும் இடம் கொடுக்காதீர்கள். அது தீப்பற்றக் கூடியது. வைக்கோலுக்கு நடுவில், மூடிய கேபினில் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கசிவை அடைக்கும் திரவம் என்று விற்கப்படுவதும் எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கும் வாய்ப்பு உண்டு.

கேஸ் இணைப்பை நீங்களே திறக்க வேண்டாம். பீறிடும் திரவம் கண்ணில் பட்டால் பார்வை பாதிக்கப்படும். தோலில் பட்டால் உறைபனிக் காயம் உண்டாகும். ஆர்-134ஏ கேஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால், நூறு ஆண்டுக் கணக்கில் சுமார் 1,400 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் புவியைச் சூடாக்கும். மழையை நம்பி விவசாயம் செய்கிற நாம் அதை வீணாகத் திறந்துவிடக் கூடாது. மீட்டு எடுக்கும் இயந்திரம் உள்ள பட்டறை கிடைத்தால் அங்கேயே போங்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

புதிய கம்ப்ரசர் போட்டு ஒரே பருவத்தில் மறுபடி போய்விடுவதற்குப் பெரும்பாலும் காரணம், பழைய கம்ப்ரசர் விட்டுச் சென்ற உலோகத் தூள். பழையதைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். அதிலிருந்து வடியும் எண்ணெயை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். தெளிவாக இருந்தால் நல்லது. வெள்ளி மினுமினுப்போ கறுப்புக் கசடோ இருந்தால் குழாய்களையும் கூலிங் காயிலையும் கழுவ வேண்டும். எக்ஸ்பான்ஷன் வால்வை மாற்ற வேண்டும். இப்போதைய மெல்லிய துளைக் கண்டன்சர்களை முழுதாகக் கழுவ முடியாது என்பதால் அதையும் மாற்றுவதே பாதுகாப்பு. செலவைக் கேட்டால் மனம் கசக்கும். ஆனால் பாதி வேலை செய்து இரண்டு முறை கம்ப்ரசர் வாங்குவது அதைவிடக் கசப்பு.

எண்ணெயில் தூள் இல்லாவிட்டாலும் டிரையரைக் கட்டாயம் மாற்றச் சொல்லுங்கள். கம்ப்ரசர் தயாரிப்பாளர் சொன்ன வகை எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். ஆர்-134ஏ வண்டிகளில் பெரும்பாலும் பயன்படும் பி.ஏ.ஜி. எண்ணெய் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். திறந்து வைத்த டப்பாவில் மிச்சமிருந்ததை ஊற்ற விடாதீர்கள். புதிய கம்ப்ரசரில் எண்ணெய் ஏற்கெனவே இருக்கலாம். பார்க்காமல் மேலும் ஊற்றினால் குளிர்ச்சி குறையும். கேஸ் ஏற்றும் முன் குறைந்தது அரைமணி நேரம் வேக்கம் பம்ப் ஓட வேண்டும். பம்பை நிறுத்திய பிறகு முள் மேலே ஏறாமல் நிற்கிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். கேஸை மீட்டர் பார்த்து உத்தேசமாக ஏற்றாமல், பானெட் அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் உள்ள எடைக்குத் தராசில் நிறுத்து ஏற்றச் சொல்லுங்கள். முதல் ஓட்டத்துக்கு முன் தட்டைக் கையால் பத்து சுற்று சுற்றிவிடுவது நல்லது. பழைய கம்ப்ரசரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சும்மா நிற்கும் காலத்தில்

அறுவடை இயந்திரத்தின் ஏ.சி. ஓடி ஓடிக் கெடுவது பாதி என்றால், ஓடாமல் கெடுவது பாதி. மாதக்கணக்கில் நின்றால் கம்ப்ரசர் தண்டைச் சுற்றியுள்ள சீல் எண்ணெயின்றிக் காய்ந்து, அங்கேயே கசிவு தொடங்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை இன்ஜினை ஓடவிட்டுப் பத்து நிமிடம் ஏ.சி.யைப் போடுங்கள். மழைக்காலத்திலும் காரில் இதைச் செய்யலாம். கண்ணாடியில் படியும் பனிமூட்டமும் விலகும். கொட்டகையில் நிறுத்தும் முன் கண்டன்சர் இடுக்கிலும் கேபின் ஃபில்டர் பெட்டியிலும் உள்ள நெல், உமி எல்லாவற்றையும் ஊதி எடுத்துவிடுங்கள். அதைத் தேடித்தான் எலி வருகிறது.